மண்ணெண்ணெய் டிப்போ காம்பவுண்டின் மின்சாரச் சிக்கனம்

சாத்தாங்குறிச்சியில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் அவர்களில் ஒருவர்கூட மண்ணெண்ணெய் டிப்போ காம்பவுண்டில் குடியிருந்ததில்லை. வாடகை கட்டுப்படியாகாமல் இல்லை, பேச்சு கட்டுப்படியாகவில்லை.

எந்தக் காலத்திலோ அங்கே மண்ணெண்ணெய் ஊற்றினார்களாம். டிப்போ போய், வரிசையாக நாலு ஓட்டு வீடுகள் வந்து, வாசல் சுவரில் ஒரே பலகையில் நாலு கரண்ட் மீட்டர்களும் வந்துவிட்டன. பெயர் மட்டும் போகவில்லை.

ஒன்றாம் நம்பரில் திரவியம். மிளகாய் வத்தல் மண்டியில் மூட்டை எடை போடுகிற வேலை. பகல் முழுக்கத் தும்மித் தும்மி, கண்ணெல்லாம் காந்த, உடம்பெல்லாம் எரிய வீடு வந்து சேருவார். அப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு சுகம் இருந்தது. மூடிப்போன ஜவுளிக்கடை ஒன்றிலிருந்து ஏலத்தில் எடுத்த சன்னல் ஏ.சி. அதன் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால், திரவியத்துக்குத் தன் பெயரே மறந்து போகும். ஏ.சி.யைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் இருக்கிற பாசம், பெண்டாட்டி பேச்சியம்மாளைக் கூப்பிடும்போதுகூட இருக்காது. அது பேச்சியம்மாளுக்கும் தெரியும்.

இரண்டாம் நம்பரில் கோமதிநாயகம் அண்ணாச்சி. கூட்டுறவுப் பண்டகசாலையில் இருந்து ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவதற்கென்றே ஒரு முக்காலி வைத்திருந்தார். அதில் அவர் உட்கார்ந்தால் கூட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். மூன்றாம் நம்பரில் ஞானதுரை. லாரி பார்சல் ஆபீஸில் மூட்டை ஏற்றி இறக்குகிற, இன்னும் கல்யாணமாகாத பயில்வான். எந்தப் பெட்டியையும் ஒரே தூக்காகத் தூக்குவார். எந்தக் கேள்வியையும் அப்படியே தூக்கிப் போடுவார்.

நாலாம் நம்பர் பூட்டிக் கிடந்தது. வீட்டுக்காரர் ராஜாமணி மஸ்கட்டில் வேலை. போகிறபோது சாவியைக் கோமதிநாயகத்திடம் கொடுத்து, "அண்ணாச்சி, உங்க வீடு மாதிரி நினைச்சுப் பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். இப்படி ஒரு வார்த்தையை அந்தக் காம்பவுண்டில் யாரிடமும் சொல்லியிருக்கக் கூடாது. பாவம், அவருக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் காம்பவுண்டில் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்ட் கணக்கெடுக்க ஆள் வந்து போனதும், எல்லா பில்லையும் துணி துவைக்கிற கல்லில் பரப்பி வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். யாருக்கு அதிகமோ அவர்தான் முதல். முதல் வந்தவருக்குக் கோமதிநாயகம் துண்டு போர்த்துவார். பள்ளிக்கூடத்தில் கூடுதல் மார்க் எடுத்தவன்தானே முதல்? அதே கணக்குதான் இதற்கும் என்று அவர்கள் முடிவு செய்து பல வருஷமாகிவிட்டது. ஏ.சி. வந்த நாளிலிருந்து திரவியத்தை அசைக்க ஆளில்லை. அவர் வீட்டுக் கொடியில் துண்டு காய வைக்க இடமில்லாமல் போயிற்று.

அன்றைக்கும் துண்டு போர்த்துகிற நேரம். புதிதாகக் கணக்கெடுக்க வந்த ஜெசிந்தா, ஸ்கூட்டரை எடுக்கப் போனவள் நின்று பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, துண்டெல்லாம் போடுதிய? எலெக்‌ஷனா?"

"திரவியம் இந்தத் தடவையும் முதல் வந்திருக்கான் தாயி" என்றார் கோமதிநாயகம்.

"எதுல முதல்?"

"கரண்ட் பில்லுல."

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியைப் பைக்குள் போட்டாள். பிறகு பச்சைப்பிள்ளைக்குச் சொல்வது போல நிதானமாகச் சொன்னாள். "அண்ணாச்சி, இது மார்க்கு இல்ல. கூட வந்தா கூடக் கட்டணும். கம்மியா வாரவங்கதான் கெட்டிக்காரங்க."

காம்பவுண்டு ஸ்தம்பித்தது. முதலில் பேசியவர் ஞானதுரை. அவர் குரல் தழுதழுத்தது. "அப்பம், இத்தனை வருசமா நான் கடைசியா வந்தது?"

"நீங்கதான் முதல்."

ஞானதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரவியத்தின் தோளிலிருந்த துண்டு இறங்கி அவர் தோளுக்கு ஏறியது. ஆனால் நீதி என்று ஒன்று இருக்கிறதல்லவா? கோமதிநாயகம் மறுபடி பில்களைப் பார்த்தார். "இரும்வே. நாலாம் நம்பர் உம்மைவிடக் கம்மி." ஞானதுரை மனசில்லாமல் துண்டைக் கழற்றினார். நாலாம் நம்பர் வீட்டுக்குத் தோள் இல்லாததால் பூட்டின் மேல் தொங்கவிட்டார்கள்.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ரொம்ப நல்லது. அந்த வீட்டைப் பாத்துக் கத்துக்கிடுங்க" என்றாள். எரிச்சலில் சொன்ன வார்த்தை அது. அவள் அந்தக் காம்பவுண்டுக்குப் புதுசு.

அடுப்படியில் தோசைக் கரண்டியோடு நின்ற பேச்சியம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்தாள். கரண்டியும் கூடவே வந்தது.

"அப்பம் இத்தனை நாளும் துண்டு வாங்கிட்டு வந்ததெல்லாம், என் தாலிச் செயினை அடகு வச்சுக் கட்டினதுக்குத்தானா? இங்க பாருங்க. எங்க தம்பி முத்துக்குட்டி பெண்டாட்டிக்குப் பேறுகாலம், நான் சங்கரன்கோவிலுக்குப் போறேன். அடுத்த கணக்கெடுப்பு அன்னைக்கு முத்துக்குட்டியையும் அவன் லோடு ஆட்டோவையும் கூட்டிட்டு வருவேன். அன்னைக்கும் நம்ம வீட்டு பில்லுதான் காம்பவுண்டுலேயே பெருசுன்னா, அந்த ஏ.சி. அவன் வண்டியில ஏறும். அவன் வீட்டுல பச்சப்புள்ள தூங்கும்."

சொன்னவள் சாயங்கால பஸ்ஸில் போய்விட்டாள். அவள் மட்டும் ஊரில் இருந்திருந்தால் மேற்கொண்டு சொல்ல எனக்குக் கதையே இல்லை.

திரவியம் ஏ.சி.யைத் தடவிப் பார்த்தார். மிளகாய் மண்டியிலிருந்து எரிகிற உடம்போடு வந்து வெறும் சன்னலுக்கு முன்னால் உட்காருவதை நினைத்துப் பார்த்தார். முடியவில்லை. மறுநாள் கடைத்தெருவில் ஜெசிந்தாவின் ஸ்கூட்டரை ஓடிப்போய் மறித்தார்.

"தாயி, பில்லைக் குறைக்க வழி சொல்லு. இல்லைன்னா என் மச்சினன் குளுகுளுன்னு இருப்பான்."

அவளுக்கு அவசரம். ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி மூன்று சொன்னாள். பிரிட்ஜை அடிக்கடி திறக்கக் கூடாது. சாமான் வாங்கினால் நட்சத்திரம் நிறைய ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கணும், நட்சத்திரம் கூடினால் கரண்ட் குறையும். ஆளில்லாத ரூமில் பேன் ஓடக் கூடாது.

திரவியம் அதை மந்திரம் போலச் சொல்லிக்கொண்டே வீடு வந்தார். முக்காலி போடப்பட்டது.

"முதல்ல பிரிட்ஜு" என்றார் கோமதிநாயகம். "அடிக்கடி திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. நீ எத்தனை தடவை திறக்கே?"

"தண்ணிக்கு, மோருக்கு, சும்மா பாக்கதுக்கு. நிறைய தடவை இருக்கும் அண்ணாச்சி."

"தப்பு. ஒரே ஒரு தடவைதான் திறக்கணும்."

"ஒரு தடவை திறந்தா, மறுதடவை தண்ணி குடிக்க என்ன செய்ய?" என்று ஞானதுரை கேட்டார்.

மூவரும் யோசித்தார்கள். கோமதிநாயகத்தின் முகம் மெல்ல மெல்லப் பிரகாசமானது. "ஒரே தடவை திறந்து, மூடாம விட்டுட்டா?"

அந்த மூளையை நினைத்துத் திரவியத்துக்குப் புல்லரித்தது. அன்றைக்கே பிரிட்ஜ் கடைசித் தடவையாகத் திறக்கப்பட்டது. மூடாமல் இருக்க அம்மிக்குழவியை முட்டுக் கொடுத்தார்கள். அடுப்படியில் தண்ணீர் ஓடியது. ஞானதுரை வந்து அதற்குள் தலையை நீட்டி, சிக்கனம் எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கிறது என்று வியந்தார்.

அடுத்து நட்சத்திரம். புதுச் சாமான் வாங்க வசதி இல்லை. ஆனால் ஞானதுரை வீட்டுப் பரணில் கிறிஸ்துமஸுக்கு வாங்கிய தங்கத்தாள் கிடந்தது. வெட்டி வெட்டிப் பசை தடவினார்கள். மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, பேன் இறக்கைக்கு ஒவ்வொன்று. மிச்சமெல்லாம் ஏ.சி.க்கு. திரவியம் தன் கையாலேயே ஒட்டினார். பெற்ற பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி பார்த்துப் பார்த்து ஒட்டினார். காற்று வருகிற கம்பியெல்லாம் நட்சத்திரத்தால் அடைந்துபோய், ஏ.சி. முக்கி முனகிக்கொண்டே ஓடியது.

"சத்தம் மாறிப்போச்சே அண்ணாச்சி."

"சிக்கனமா ஓடுதுல்லா, அப்படித்தான் இருக்கும்" என்றார் கோமதிநாயகம்.

மூன்றாவதுதான் சிரமமாக இருந்தது. ஆளில்லாத ரூமில் பேன் ஓடக் கூடாது. திரவியம் வீட்டில் மூன்று ரூம், மூன்று பேன். பேச்சியம்மாளும் இல்லை. இருப்பதோ ஒற்றை ஆள்.

"நீ ஒரு ரூம்ல இருந்தா, மத்த ரெண்டு ரூமும் ஆளில்லாம போகும்" என்றார் கோமதிநாயகம். "அதனால நான் ஒண்ணுல இருக்கேன். ஞானதுரை ஒண்ணுல இருக்கட்டும்."

"அப்பம் நம்ம வீட்டுப் பேனெல்லாம்?" என்று ஞானதுரை கேட்டார்.

நியாயமான கேள்வி. ஆகவே முறை போட்டுக்கொண்டார்கள். காலையில் மூவரும் திரவியம் வீட்டில் ரூமுக்கு ஒருவராக உட்காருவது, மத்தியானம் கோமதிநாயகம் வீட்டில், சாயங்காலம் ஞானதுரை வீட்டில். வேலைக்கு லீவு சொல்லியாயிற்று. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது, பழைய வீட்டில் பேன் ஆளில்லாமல் ஓடுமே என்று ஞானதுரை கவலைப்பட்டார். நாம் திரும்பி வருகிற வரைக்கும் பேனுக்கு அது தெரியாது என்று கோமதிநாயகம் தேற்றினார்.

இப்படியே சில வாரம் போயிற்று. ஒருநாள் திரவியம் வாசல் பலகையில் மீட்டரைப் பார்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதைதான். அவருடைய எண் முன்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. கோமதிநாயகத்தின் எண்ணும் ஓடியது, ஞானதுரையின் எண்ணும் ஓடியது. நாலாம் நம்பர் மீட்டர் மட்டும் தவம் செய்கிற முனிவரைப் போல அசையாமல் நின்றது.

திரவியம் மீட்டர் பலகைக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டார். சங்கரன்கோவிலில் ஒரு பச்சைக் குழந்தை தன் ஏ.சி. காற்றில் கால் உதைத்துத் தூங்குவது கண்முன் வந்தது. அந்தக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது சந்தோஷப்பட்டவர்தான். இப்போது அதன் மேல் கோபம் கோபமாக வந்தது.

"அண்ணாச்சி," என்றார், "அந்தக் கரண்ட்டுக்காரப் புள்ள முதல்லேயே ஒண்ணு சொன்னாளே. நாலாம் நம்பர் வீட்டைப் பாத்துக் கத்துக்கிடுங்கன்னு. நாம அதைப் பாக்கவே இல்லையே?"

கோமதிநாயகம் நெற்றியில் அடித்துக்கொண்டார். உடனே முக்காலி நாலாம் நம்பர் வாசலுக்கு எதிரே போடப்பட்டது. மூவரும் உட்கார்ந்து அந்த வீட்டைப் பார்த்தார்கள். காலையில் பார்த்தார்கள், வெயிலில் பார்த்தார்கள், விளக்கு வைக்கிற நேரம்வரை கண் கொட்டாமல் பார்த்தார்கள். தெருவில் போன கீரைக்காரி, உள்ளே ஏதோ பாம்பு புகுந்துவிட்டது போல என்று எட்டி நடந்தாள்.

"என்ன கத்துக்கிட்டிய?" என்று கடைசியில் கோமதிநாயகம் கேட்டார்.

"சத்தமே போடல அண்ணாச்சி. ரொம்ப அடக்கமான வீடு" என்றார் ஞானதுரை.

"நீ?"

திரவியம் எழுந்து போய்க் கதவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். அவர் கண் மின்னியது. "அண்ணாச்சி, அந்த வீட்டுக்கும் நம்ம வீட்டுக்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான். அதுல பூட்டு இருக்கு. நம்ம வீட்டுல இல்லை."

இவ்வளவு எளிய விஷயம் இத்தனை நாளாகத் தெரியாமல் போயிற்றே என்று மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாளே அதே கம்பெனிப் பூட்டாகத் தேடி வாங்கினார்கள். பேன், பிரிட்ஜ், ஏ.சி. வரைக்கும் கழற்றிக்கொண்டு, பாத்திரம் பண்டத்தோடு வெளியே வந்து, மூன்று வீட்டையும் பூட்டினார்கள். வாசலில் வந்து பார்த்தால், என்ன ஆச்சரியம்! மீட்டர் மூன்றும் நின்றுவிட்டன. ஞானதுரை திரவியத்தைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்.

வெளியே தூக்கி வைத்திருந்த பிரிட்ஜையும் ஏ.சி.யையும் வெயில் சுட்டது. மனிதர்களையும் சுட்டது. முற்றத்தில் கொசுவும் பாட ஆரம்பித்தது. இனி எங்கே படுப்பது என்ற கேள்வி அப்போதுதான் அவர்களுக்கு வந்தது.

"ராஜாமணி எங்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனான்?" என்று கோமதிநாயகம் சாவியை எடுத்தார். "உங்க வீடு மாதிரி நினைச்சுக்கிடுங்கன்னான். நான் ஒருநாளாவது அப்படி நினைச்சேனா? அவன் மனசு என்ன பாடு பட்டிருக்கும்!"

"அதோட, அது சிக்கனமான வீடு அண்ணாச்சி" என்றார் திரவியம். "என் வீட்டுக் குணம் தண்ணியா இறைக்கிற குணம். ஏ.சி. பாவம் என்ன செய்யும்? சேரக் கூடாத இடத்துல சேர்ந்துட்டு. இந்த மாதிரி அடக்கமான வீட்டுல வச்சா, அதுவும் தன்னால அடங்கிரும்."

நல்ல சகவாசம் யாரைத்தான் திருத்தாது? ஞானதுரை ஏ.சி.யை ஒரே தூக்காகத் தூக்கி நாலாம் நம்பர் சன்னலில் பொருத்தினார். பிரிட்ஜ் போனது, திறந்தபடியே. மூன்று வீட்டு டி.வி.யும் போயின. ராஜாமணி வீட்டிலும் மூன்று ரூம், மூன்று பேன், ஆளும் மூன்று. கணக்கு இவ்வளவு அழகாக ஒத்துவந்தது கடவுள் செயல் என்றார் கோமதிநாயகம். அடுப்படிக்கு ஞானதுரை, கூடத்துக்குக் கோமதிநாயகம், ஏ.சி. இருக்கிற ரூமுக்குத் திரவியம். பேன் ஒரு நிமிஷம்கூட ஆளில்லாமல் ஓடவில்லை. நிற்கவும் இல்லை.

கணக்கெடுப்பு நாள் வந்தது. தெருமுனையில் லோடு ஆட்டோ சத்தம் கேட்டபோது திரவியம் முற்றத்துக்கு ஓடி வந்தார். பேச்சியம்மாள் இறங்கினாள். பின்னால் முத்துக்குட்டி, ஏ.சி. கட்டக் கயிறோடு. அவன் அக்கா சொன்ன சொல்லைத் தட்டாதவன். சின்ன வயதில், "அடுப்பைப் பாத்துக்கோ" என்று அவள் சொல்லிப் போனபோது, பால் பொங்கி வழிய வழிய அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஜெசிந்தா வந்து மீட்டர்களைப் பார்த்தாள். பில்கள் துணி துவைக்கிற கல்லுக்கு வந்தன. திரவியம் முதல் ஆளாகக் கல்லருகே போய்க் குனிந்தார்.

ஒன்றாம் நம்பர் பெரிய பில் இல்லை! எத்தனையோ வருஷத்தில் முதல் தடவை. பேச்சியம்மாள் பில்லை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். திரவியத்தின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மிளகாய் இல்லாமலே.

"பாத்தியா பேச்சி? இனிமே ஏ.சி. எனக்குத்தானே?"

"எனக்கு நம்பிக்கை இல்லை" என்றாள் அவள். "அப்பம் எந்த வீடுதான் பெருசு?"

ஜெசிந்தா நாலாவது பில்லை நீட்டினாள். அந்தத் தெருவிலேயே அப்படி ஒரு பில்லை யாரும் பார்த்ததில்லை. கோமதிநாயகம் அதைப் பார்த்து வெகுநேரம் தலையை ஆட்டினார்.

"ராஜாமணி நல்ல பையன்தான். வெளிநாட்டுக் காசு வந்தா புத்தி மாறிருது. ஊர்ல இல்லாமலே இவ்வளவு செலவழிச்சிருக்கான், இருந்தா என்ன ஆகும்?"

அப்போது அவருடைய போன் அடித்தது. மஸ்கட். பில் தொகை ராஜாமணியின் போனுக்கும் போயிருந்தது.

"அண்ணாச்சி! என் வீட்டுல யாரு இருக்கா?"

"யாருமே இல்லப்பா. நாங்க மட்டும்தான் இருக்கோம்."

அந்தப் பக்கம் வந்த சத்தத்தில் கோமதிநாயகம் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். எல்லோருக்கும் கேட்டது. "இந்த நிமிசமே என் வீட்டைப் பூட்டுங்க! பூட்டிச் சாவியை எனக்கு கூரியர்ல அனுப்புங்க!"

"அவ்வளவுதானேப்பா" என்று போனை வைத்த கோமதிநாயகம், கதவருகே போய்ச் சட்டென்று நின்றார். "வே, பூட்டினா உள்ள மூணு ரூமும் ஆளில்லாம போகுமே. பேன் ஓடுதே!"

மூவருக்கும் வேர்த்துவிட்டது.

"சுவிட்சை அணைச்சா என்ன?" என்றாள் பேச்சியம்மாள்.

"அணைக்கச் சொல்லி அவன் சொல்லலையே தாயி. பூட்டத்தானே சொன்னான். அடுத்தவன் வீட்டுச் சுவிட்சை நாம எப்படித் தொட?" கோமதிநாயகம் பூட்டையும் சாவியையும் வாசல்படியில் வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். "வாங்கவே உள்ள. அவனவன் ரூமுக்குப் போங்க."

திரவியமும் ஞானதுரையும் பின்னாலேயே போய்விட்டார்கள். பேச்சியம்மாளுக்குப் பொறுமை அறுந்தது. தம்பி பக்கம் திரும்பிக் கத்தினாள். "ஏல முத்துக்குட்டி, இந்த மூணு பேரையும் உள்ள வச்சுப் பூட்டி, சாவியை மஸ்கட்டுக்கே அனுப்பித் தொலைல!"

சொல்லிவிட்டு, ஜெசிந்தாவுக்கு ஒரு வாய் காப்பி போடலாம் என்று தன் வீட்டைத் திறந்துகொண்டு போனாள். திரும்பி வந்தபோது நாலாம் நம்பரில் பூட்டுத் தொங்கியது. லோடு ஆட்டோவைக் காணவில்லை. முத்துக்குட்டி கூரியர் ஆபீஸிலிருந்து ரசீதோடு வந்து, "மஸ்கட்டுக்கே அனுப்பியாச்சுக்கா" என்றான்.

பூட்டை உடைக்கலாம் என்று பேச்சியம்மாள் கல்லைத் தூக்கினாள். உடைத்தால் ராஜாமணி சொன்ன வார்த்தையை மீறினதாகிவிடும் என்று உள்ளேயிருந்து மூவரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வேறு வழியில்லாமல் சன்னல் கம்பி வழியாகத் தோசையைச் சுருட்டிச் சுருட்டி உள்ளே கொடுத்தாள். திரவியம் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே வாங்கினார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் கல்யாணத்தன்றும் பார்த்ததில்லை.

சாவி போய்ச் சேர்ந்த அன்றைக்கு ராஜாமணி மறுபடி கூப்பிட்டார். இப்போது குரல் தணிந்திருந்தது. "சாவி வந்துட்டு அண்ணாச்சி. அன்னைக்குக் கோவத்துல கத்திட்டேன், மனசுல வச்சுக்கிடாதிய. வீடு இப்பம் பத்திரமா இருக்கா?"

"ஒரு கவலையும் வேண்டாம்ப்பா. மூணு ரூமிலேயும் ஆள் போட்டிருக்கு. ஒரு பேன்கூட வீணா ஓடல."

பக்கத்து ரூமிலிருந்து, பல் தந்தியடிக்க, திரவியம் சத்தம் போட்டார். "ஏ.சி.யும் வீணாகலைன்னு சொல்லுங்க அண்ணாச்சி!"